ஏர் பூட்டும் கைகள்: டிராக்டருக்கு ஒரு விரைவுப் பூட்டு

‘ஏர் பூட்டுதல்’ என்பது நம் மொழியில் ஒரு மங்கலச் சொல். சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டும் வழக்கத்தை நம்முள் பலர் சிறு வயதில் கண்டிருப்போம். இன்று எருதும் நுகமும் அருகி, அவற்றின் இடத்தில் டிராக்டர் நிற்கின்றது. ஆயினும் உழுகருவியை இழுவிசையோடு இணைக்கும் அந்த ஒரு வேலை மட்டும் ஒழிந்தபாடில்லை. அது முன்னிலும் கடினமாயிற்று. கவனம் தவறினால் கொடியதாகவும் ஆகிவிடுகின்றது.

மைசூரில் வாழும் நமக்கு இச்செய்தி எதற்கு என்று சிலர் வினவலாம். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்குச் சத்தியமங்கலம், தாளவாடி, தருமபுரி முதலிய பகுதிகளில் இன்னும் நிலம் உண்டு. அண்ணனோ தம்பியோ அதனைப் பார்த்து வருகின்றனர். வேறு சிலர் மேட்டகள்ளியிலும் ஹெப்பாளிலும் உள்ள தொழிற்பேட்டைகளில் கடைசல், பற்றவைப்பு முதலிய வேலைகளைச் செய்து வாழ்கின்றனர். நிலமுடையார்க்கும் இரும்பு வேலை அறிந்தார்க்கும் ஒருங்கே பயன்படும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

இரண்டு விரல்கள்

என் தம்பி தாளவாடியில் விவசாயம் செய்கிறான். சில ஆண்டுகளுக்கு முன், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, டிராக்டரில் ஒன்பது கொழுக் கலப்பையைப் பூட்ட முற்பட்டான். ஓட்டுநர் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்த, இவன் கலப்பைக்கும் சக்கரங்களுக்கும் இடையே நின்று, இரும்புக் கையின் துளையை ஆணிக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். நான்கு விரற்கடை தூரமே எஞ்சியிருந்தது. ‘நில்லு’ என்று கூவினான். ஓட்டுநர் கன்னடம் பேசுபவர். ‘நில்லு’ என்பது அவர் மொழியிலும் அதே சொல்தான், பொருளும் ஒன்றே. எனினும் எஞ்சின் இரைச்சலில் அச்சொல் அவர் செவிக்கு எட்டவில்லை. தம்பி உயர்த்திய கையை, ‘இன்னும் வரலாம்’ என்று அவர் பொருள் கொண்டார்.

வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. சாமராஜநகர் வழியாக மைசூருக்குக் கொண்டுவந்து மருத்துவம் செய்தோம். படுக்கையில் இருந்தபடியே அவன் சொன்னான்: “அண்ணா, அவர்மேல் பிழை இல்லை. அந்த இடத்தில் ஆளே நிற்கக்கூடாது. நிற்காமல் பூட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள்.” அவ்வினாவுக்கு விடை தேடியபோது நான் அறிந்தவையே இங்குக் கூறப்படுகின்றன.

கயிறு பொறுத்தது, இரும்பு பொறுக்கவில்லை

பழைய ஏரில் நுகத்தடி, ஏர்க்கால், வடம், பூட்டாங்கயிறு ஆகியவை இருந்தன. ஒரு தச்சன் செய்த ஏர்க்கால் மற்றொரு தச்சன் செய்த நுகத்திற்குப் பொருந்தவில்லை என்று எவரும் முறையிட்டதில்லை. ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் கயிறு அதனை ஈடு செய்தது. எருது கால் இடறி விழுந்தால், பூட்டாங்கயிற்றின் சுருக்கை ஒரே இழுப்பில் அவிழ்த்து விடலாம். கயிறு வேற்றுமைகளைப் பொறுத்துக்கொள்ளும், இரும்பு பொறுத்துக்கொள்ளாது. டிராக்டர் வந்தபின் நேர்ந்த இடர்ப்பாடுகள் அனைத்திற்கும் இதுவே வேர்.

முதல் டிராக்டர்கள் எருதைப் போலவே கலப்பையைச் சங்கிலியால் பின்னே இழுத்துச் சென்றன. கலப்பை பாறையிலோ மரவேரிலோ மாட்டிக்கொண்டால், பின்சக்கரம் சுழல இடமின்றி, வண்டியின் முன்புறம் மேலெழுந்து ஓட்டுநர்மீதே கவிழ்ந்துவிடும். அயர்லாந்து நாட்டினரான ஹாரி பெர்குசன் என்பவர், முதல் உலகப்போர்க் காலத்தில், 1917ஆம் ஆண்டில், அந்நாட்டு வேளாண் வாரியத்தின் பணியாக டிராக்டர்களை ஆராய்ந்தபோது இக்குறையை நன்கு உணர்ந்தார். கலப்பையை இழுத்துச் செல்லாமல் டிராக்டரின் உடம்போடு சேர்த்துத் தாங்கச் செய்தால் இவ்வாபத்து நீங்கும் என்று அவர் கண்டார்.

பல ஆண்டு முயற்சியில் உருவானதே மும்முனை இணைப்பு. பின்புறத்தில் இரண்டு கீழ்க் கைகள். அவற்றிற்கு மேலே நடுவில் ஒரு கை. இதனையே நம் உழவர் ‘டாப் லிங்க்’ என்கின்றனர். மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். எண்ணெய் அழுத்தத்தால் கீழ்க் கைகள் உயர்ந்து தாழும். கொழு கடினமான மண்ணில் சிக்கும்போது மேற்கை வழியே வரும் உந்துதல் முன்சக்கரத்தை மண்ணோடு அழுத்துமேயன்றி மேலே தூக்குவதில்லை.

1938இல் பெர்குசனும் ஹென்றி போர்டும் எழுத்து ஒப்பந்தம் ஏதுமின்றிக் கைகுலுக்கிக் கூட்டுச் சேர்ந்தனர். 1939இல் இவ்விணைப்போடு கூடிய போர்டு டிராக்டர் வெளிவந்தது. போர்டின் பேரன் காலத்தில் அந்த உறவு முறிந்து வழக்காகி, 1952இல் 92½ இலட்சம் டாலர் பெர்குசனுக்குக் கொடுக்கப்பட்டுத் தீர்ந்தது. 1953இல் அவருடைய நிறுவனம் கனடாவின் மாசி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. பின்னர் மாசி பெர்குசன் என்று பெயர் பெற்ற அந்நிறுவனத்தின் கூட்டுறவோடுதான் 1960இல் சென்னையில் டாபே நிறுவனம் தோன்றியது. அயர்லாந்தில் பிறந்த அந்த முக்கோணம் நம் நாட்டு வயல்களில் பழகிய பொருளானதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெர்குசனின் முக்கோணம் வண்டி கவிழும் ஆபத்தைக் குறைத்தது. ஆனால் பூட்டும் வேலையை அது மனிதன் கைக்கே விட்டுவிட்டது. இடக் கீழ்க்கை முதலில், வலக் கீழ்க்கை அடுத்து, மேற்கை இறுதியில்; கழற்றும்போது இதற்கு நேர்மாறு. இம்முறையைப் பழகியவர் தனியாகவே செய்து விடுவர். ஆயினும் கலப்பை சற்றுக் கோணலாக நின்றால் ஒருவர் ஓட்டவும் மற்றொருவர் இடையே நின்று பிடிக்கவும் நேர்கின்றது. என் தம்பி நின்ற இடம் அதுவே.

விரைவுப் பூட்டு என்பது யாது?

அயல்நாட்டார் ‘குவிக் ஹிட்ச்’ என்று கூறும் விரைவுப் பூட்டு, இந்த இடைவெளியிலிருந்து மனிதனை வெளியேற்றுவதற்கு ஒரு வழி. அதன் அமைப்பு எளியது. கவிழ்த்து வைத்த ‘ப’ வடிவில் ஓர் இரும்புச் சட்டம். அதனை டிராக்டரின் மூன்று கைகளோடு ஒருமுறை நிலையாகப் பொருத்திவிட வேண்டும். சட்டத்தின் பின்புறம் மேலே ஒரு கொக்கி, கீழே இரண்டு கொக்கிகள். கீழ்க் கொக்கிகளின் வாயில் வில்லால் இயங்கும் தாழ்கள்.

ஓட்டுநர் சட்டத்தைத் தாழ்த்தி, கருவியின் ஆணிகளுக்குக் கீழே கொக்கிகள் வருமாறு பின்னோக்கிச் செலுத்துகிறார். பிறகு மெல்ல உயர்த்துகிறார். மேற்கொக்கி கருவியின் தூணிலுள்ள ஆணியைப் பற்றுகின்றது. கீழ்க் கொக்கிகள் இரு பக்க ஆணிகளைப் பற்ற, தாழ்கள் ‘டக்’கென்று விழுகின்றன. கழற்றுவதற்குக் கருவியைச் சமதரையில் இறக்கி, தாழ்களின் பிடியை இழுத்துவிட்டு, சட்டத்தைத் தாழ்த்தி முன்னே ஓட்டிச் செல்ல வேண்டியதுதான். பூட்டும்போது இடையில் நிற்க ஆளே தேவையில்லை.

வேறு வகைகளும் உண்டு. முக்கோணச் சட்டமாகச் செய்து, கருவியில் உள்ள அதே வடிவக் கூட்டிற்குள் நுழைப்பது ஒரு வகை. சட்டமே இல்லாமல், கீழ்க் கைகளின் முனையைத் திறந்த கொக்கியாகச் செய்து, கருவியின் ஆணியில் மாட்டிய இரும்புக் குண்டைக் கவ்வச் செய்வது மற்றொரு வகை; ஐரோப்பிய டிராக்டர்களில் இது மிகுதி.

சுழற்கலப்பையாகிய ரோட்டவேட்டருக்கு மட்டும் ஒரு குறிப்பு. சட்டம் கருவியைத் தாங்குமேயன்றி, அதனைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டை இணைக்காது. அதனைக் கையால்தான் மாட்ட வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பின்னரே அத்தண்டைத் தொடுதல் வேண்டும்.

நாங்கள் செய்த பிழை

தம்பி குணமடைந்த பின், பழைய சட்டம் ஒன்றை விலைக்கு வாங்கினோம். அது அமெரிக்க அளவில் செய்யப்பட்டது. வீட்டிற்குக் கொண்டு வந்து பூட்டிப் பார்த்தபோது ஒரு கருவியும் அதில் சேரவில்லை. காரணம் விளங்கச் சில அளவுகளைக் கூற வேண்டும்.

கருவிகளின் இணைப்புக்கு உலகப் பொதுவான வகைகள் உண்டு. நம் நாட்டிலும் ஐ.எஸ். 4468 என்னும் தர அளவு இதற்கென உள்ளது. முதல் வகையில் கீழ் ஆணியின் தடிப்பு 22 மி.மீ., மேல் ஆணி 19 மி.மீ., இரு கீழ் முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 68 செ.மீ. இரண்டாம் வகையில் கீழ் ஆணி 28 மி.மீ., மேல் ஆணி 25 மி.மீ., இடைவெளி ஏறத்தாழ 82 செ.மீ. சிறு டிராக்டர்களுக்கென 40 செ.மீ. இடைவெளியுள்ள குறுகிய வகையும் உண்டு. இனி உயரம்: முதல் வகைக் கருவியில் கீழ் ஆணிக்கும் மேல் ஆணிக்கும் இடையே 46 செ.மீ. இருத்தல் வேண்டும். ஆனால் அமெரிக்க விரைவுப் பூட்டுக்கு வகுத்த உயரம் 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. மட்டுமே. எட்டுச் செ.மீ. வேற்றுமை! கையால் பூட்டும்போது டாப் லிங்க்கைத் திருகி நீட்டியும் குறுக்கியும் இவ்வேற்றுமையைச் சமாளிக்கலாம். நிலையான கொக்கியுள்ள சட்டம் அதற்கு இடம் கொடாது.

ஆகவே மேற்கொக்கியை வெட்டி உயர்த்தி, கலப்பைக்குப் பொருத்தினோம். கலப்பை சேர்ந்தது. மறுவாரம் ரோட்டவேட்டரைப் பூட்டப் போனால், அதன் தூண் சற்று உயரமாகவும் பின்தள்ளியும் இருந்தது. மறுபடியும் வெட்டி, சுட்டு, வளைத்துப் பற்றவைத்தோம். இப்போது கலப்பை சேரவில்லை! மூன்றாம் முறையும் தீயில் காய்ச்சினோம். ஒரு நாள் வரப்பைக் கடக்கக் கருவியை உயர்த்தியபோது, பலமுறை சூடேறி உரம் இழந்திருந்த கொக்கி வாய் விரிந்து, ரோட்டவேட்டர் பின்னே சாய்ந்து தரையில் மோதியது. நல்லவேளையாக அருகில் எவரும் இல்லை.

கையைக் காக்க வாங்கிய பொருளையே உயிருக்கு உலையாக ஆக்கியிருந்தோம். கருவிதோறும் பூட்டை மாற்றியதே எங்கள் பிழை. பூட்டை ஓர் அளவில் நிறுத்தி, கருவிகளை அவ்வளவுக்குக் கொணர்வதே முறை. இதுவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி.

செய்யத்தக்க மாற்றங்கள்

இம்முறை மைசூரிலுள்ள ஒரு பட்டறையில், நாற்பது ஆண்டுகள் கடைசல் வேலை செய்த நம் அன்பர் ஒருவரின் அறிவுரைப்படி வேலையைத் தொடங்கினோம். அவர் கற்பித்தவற்றை முறையாகக் கூறுகிறேன்.

முதலாவது, அளவெடுத்தல். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் சமதரையில் நிறுத்தி, ஆணித் தடிப்பு, இடைவெளி, தூண் உயரம், மேல் துளை கீழ் ஆணிகளுக்கு முன்னோ பின்னோ எவ்வளவு தள்ளியிருக்கிறது என்னும் நான்கையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இத்தாள் இல்லாமல் வெட்டும் அரத்தைக் கையில் எடுத்தலாகாது.

இரண்டாவது, சட்டத்தை ஒரே ஒரு முறை நாட்டளவுக்குக் கொணர்தல். எங்கள் சட்டத்தில் பழைய கொக்கியை நீக்கி, புதிய கொக்கியைத் தடித்த பலகையில் அமைத்து, உயர்வலிமைத் திருகாணிகளால் 46 செ.மீ. உயரத்தில் இறுக்கினோம். இனிக் கடையில் வாங்கும் கருவிகள் பெரும்பாலும் அவ்வளவிலேயே வரும். அதன் பின் சட்டத்தைத் தொடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

மூன்றாவது, புஷ். இச்சட்டத்தின் கீழ்க் கொக்கி வாய் 36½ மி.மீ. தடிப்புக்கும், மேற்கொக்கி வாய் ஏறத்தாழ 32 மி.மீ. தடிப்புக்கும் செய்யப்பட்டவை. 22 மி.மீ. ஆணி அதில் ஆடும். ஆடும் ஆணி தாழை இடித்து இடித்துத் திறந்துவிடும். எனவே ஒவ்வோர் ஆணிமீதும் கடைசலில் செய்த எஃகுக் குழல் ஒன்றை ஏற்றி, வெளியே கடையாணி இட்டுப் பூட்ட வேண்டும். கடையாணிக்குப் பதிலாகத் துருப்பிடித்த கம்பியையோ சுவராணியையோ வளைத்துச் செருகுவது நம் ஊர் வழக்கம், அவ்வழக்கத்தைக் கைவிடுக.

நான்காவது, கருவியின் தூண். உயரம் வேறுபட்ட கருவிகளில், தூணின் இரு பக்கமும் தடித்த இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்து, 46 செ.மீ. உயரத்தில், கீழ் ஆணிகளுக்கு உரிய நேரில் புதுத் துளை இடலாம். இவ்விரும்பு பற்றவைக்க ஏற்றது. கொக்கிகளும் தாழ்களும் சூடு கொடுத்துப் பதப்படுத்தியவை. அவற்றில் ஒருபோதும் பற்றவைத்தலாகாது. கருவியில் வேலை செய்யும்போது அதனை டிராக்டரிலிருந்து கழற்றி வைத்துவிட்டே செய்ய வேண்டும். இயலாதெனில் மின்கலத்தின் இணைப்பையேனும் பிரித்தல் வேண்டும்.

ஐந்தாவது, கால்கள். பூட்டு எத்துணைச் சிறந்ததாயினும், கருவி சாய்ந்து கிடந்தால் கொக்கி அதனைத் தேடிப் பிடிக்காது. எனவே ஒவ்வொரு கருவிக்கும் மடக்கத்தக்க இரும்புக் கால்கள் அமைத்து, கொட்டகையில் சமமான தளத்தில் நிறுத்தும் பழக்கம் வேண்டும். விரைவுப் பூட்டு வாங்க இயலாதவர்களும் இதனைச் செய்யலாம். பூட்டும் வேலையில் பாதித் துன்பம் இதனாலேயே நீங்கிவிடும்.

மறைந்திருக்கும் இழப்புகள்

ஒரு நன்மையை வாங்கும்போது அதற்குரிய விலையையும் அறிய வேண்டும். இச்சட்டம் கருவியை ஏறக்குறைய 10 செ.மீ. பின்னுக்குத் தள்ளுகின்றது. இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன.

ஒன்று, முன்சக்கரப் பளு குறைதல். 400 கிலோ எடையுள்ள கருவியின் எடைமையம் பின்னச்சிலிருந்து 1½ மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 1.8 மீட்டர். கருவி உயர்ந்திருக்கும்போது முன்சக்கரத்திலிருந்து 333 கிலோ குறையும். கருவி 10 செ.மீ. பின்னே போய், 40 கிலோ எடையுள்ள சட்டமும் பின்னச்சிலிருந்து 95 செ.மீ. தொலைவில் சேர்ந்தால், குறைவு 377 கிலோ ஆகும். 44 கிலோ தானே என்று எண்ணற்க. மேட்டில் ஏறும்போது திருப்பியும் திரும்பாத முன்சக்கரம் அந்த 44 கிலோவால் நேரக்கூடும். தேவையாயின் முன்புறத்தில் எடைக்கட்டிகளை மாட்டுதல் நலம்.

மற்றொன்று, பி.டி.ஓ. தண்டு. ஒன்றனுள் ஒன்று நுழையும் அதன் இரு குழாய்களும், சட்டத்தின் வரவால் 10 செ.மீ. விலகிவிடும். மிகுதியாக நீண்டிருக்கும் நிலையிலும் குழாய் நீளத்தில் மூன்றிலொரு பங்கேனும் ஒன்றனுள் ஒன்று இருத்தல் வேண்டும். குறைந்தால் நிமிடத்திற்கு 540 முறை சுழலும் தண்டு கழன்று வீசி அடிக்கும். ஏற்கெனவே வெட்டிக் குறுக்கிய தண்டாயின் புதிய தண்டே வாங்க வேண்டும். ஒட்டுப் போடுதல் கூடாது.

இறுதியாக, தாழ் விழுந்த ஒலியை மட்டும் நம்பி ஓட்டிச் செல்லுதல் ஆகாது. கருவியை ஒரு சாண் உயர்த்தி, வண்டியை நிறுத்தி, இறங்கி, மூன்று கொக்கிகளையும் கண்ணால் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

பொது அளவின் பெருமை

1950களில் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் ‘பாஸ்ட் ஹிட்ச்’ என்னும் பூட்டைக் கொணர்ந்தது. பின்னோக்கி ஓட்டினால் கருவி தானே சென்று பூட்டிக்கொள்ளும். வசதியில் அது கையால் பூட்டும் முக்கோணத்தை விஞ்சியது. ஆனால் அந்நிறுவனத்தின் டிராக்டருக்கு அம்முறையில் செய்த கருவிதான் சேரும். அயலார் கருவி சேராது. காலப்போக்கில் பாஸ்ட் ஹிட்ச் மறைந்தது; எல்லோர்க்கும் பொதுவான மும்முனை இணைப்பே நிலைத்தது. விரைவைவிடப் பொது அளவே நீடித்து நிற்கும் என்பதற்கு இது சான்று.

நம் கருநாடக மாநிலத்தில் 2014-15ஆம் ஆண்டில் தொடங்கிய கிருஷி யந்த்ர தாரே திட்டத்தின்கீழ், ஹோபளி தோறும் வேளாண் கருவிகளை வாடகைக்கு விடும் நிலையங்கள் அமைந்தன. வாடகை முறையில் ஒரு கருவி பல டிராக்டர்களைக் காணும்; ஒரு டிராக்டர் பல கருவிகளைக் காணும். அங்கு ஒவ்வொருவரும் தமக்கேற்ப வெட்டியும் ஒட்டியும் மாற்றினால், அடுத்த உழவனின் கைதான் அந்த இடைவெளியில் சிக்கும். நம் நிலத்தில் நாம் செய்யும் மாற்றமும் இவ்வாறே. நாளை அக்கருவியை விற்கலாம். அண்டை வீட்டார்க்கு இரவல் கொடுக்கலாம். அளவு மாறாதிருத்தல் அவருக்கும் நாம் செய்யும் உதவி.

இப்போது தாளவாடியில் என் தம்பி தானே டிராக்டரை ஓட்டி, தானே பூட்டி, தானே கழற்றுகிறான். மூன்று விரல்கள் எஞ்சிய வலக்கையால் தாழின் பிடியை இழுப்பது அவனுக்குக் கடினமாக இல்லை. அன்று ஓட்டிய அந்தக் கன்னட அன்பரும் இன்றுவரை அவனோடுதான் வேலை செய்கிறார். வண்டி பின்னோக்கி வரும்போது இருவரும் சேர்ந்து ஒரு விதியைக் கடைப்பிடிக்கின்றனர்: கருவிக்கும் சக்கரத்திற்கும் இடையே எவரும் நிற்பதில்லை, நிற்க நேர்ந்தால் எஞ்சின் நிற்கும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் சங்க அன்பர்கள், தம் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் கலப்பையின் தூணை ஒருமுறை அளந்து பார்ப்பார்களாக. பூட்டு வாங்குவதும் வாங்காததும் அவரவர் வசதி. அந்த இடைவெளியில் நம் வீட்டுப் பிள்ளைகள் நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோர் கடமை.